செத்த டிஸ்க் சாட்சி சொல்லும்!

போன் அலறியது!

காலை ஏழே கால் மணி. கடையின் உள்ளறையில் டிஸ்க்காரி ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு போனை எடுத்தாள்.

தெருவில் எல்லோருக்கும் அவள் டிஸ்க்காரிதான். கம்ப்யூட்டர் டிஸ்க்குகளை நாலும் எட்டுமாகப் பெட்டியில் அடுக்கி, ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மாட்டிக் கொடுப்பது அவள் தொழில். பெட்டியைத் தூக்குவதும் ஸ்க்ரூ முடுக்குவதும் வீட்டுக்காரர். செட்டிங் எல்லாம் அவள்.

"அக்கா...!"

தம்பி. ஸ்கேன் சென்டரில் வாட்ச்மேன். அம்மா போன பிறகு அவள் மடியில் போட்டு வளர்த்த பிள்ளை.

"என்னடா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"டாக்டர் செத்துக் கிடக்கறாருக்கா! மண்டையெல்லாம் ரத்தம்... காலையில பின்பக்கம் போனப்ப நான்தான் தூக்கிப் பார்த்தேன்... இப்ப போலீஸ் வந்து... நான்தான் கொன்னேங்கறாங்கக்கா!"

ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது.

"டேய்... டேய்!"

யாரோ போனைப் பிடுங்கினார்கள். தொண்டை கட்டிய ஒரு குரல் வந்தது.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். நீதான் அக்காவா? கேமரா பதிவாகுற பெட்டியை மாட்டினதும் நீதானாமே?"

"ஆமா சார்..."

"கிளம்பி வா. உன் பெட்டி ரெண்டு கண்ணும் சிவந்து கத்திக்கிட்டு இருக்கு."

டொக்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாசலில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பைக் சாவியை எடுத்தார்.

"அழாத. நான் இருக்கேன்ல?"

பைக்கில் தொங்கிய தன் ஹெல்மெட்டை எடுத்து அவள் தலையில் மாட்டி, வாரையும் அவரே இழுத்துப் பூட்டினார்.

எவ்வளவு நல்ல மனுஷன் என்று அந்த நேரத்திலும் அவள் நினைத்தாள்.

*

ஸ்கேன் சென்டரின் பின்பக்க நடையில் வெள்ளைத் துணிக்குக் கீழே டாக்டர் கிடந்தார். பக்கத்தில் சிவப்பு நிறத் தீயணைப்பு சிலிண்டர். அதன் அடிப்பக்கத்தில் முடி ஒட்டியிருந்தது.

டிஸ்க்காரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

தம்பி ஒரு மூலையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நீலச் சீருடையின் நெஞ்செல்லாம் காய்ந்த ரத்தம்.

"அக்கா, நான் பண்ணலக்கா..."

"பேசாத!" கான்ஸ்டபிள் அதட்டினார்.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையில் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார்.

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. உள்ள டாக்டர். முன்வாசல்ல உன் தம்பி. வேற யாரும் இல்ல. முந்தாநாள் லீவு கேட்டு டாக்டர்கிட்ட உன் தம்பி கத்தினதை ஊரே பார்த்திருக்கு. சட்டையில ரத்தம். எனக்கு இதுக்கு மேல என்ன வேணும்?"

"பின்பக்கக் கதவு இருக்கே சார்! அது வழியா யாராவது..."

"உடைக்கல. உள்ளேருந்துதான் திறந்திருக்கு."

"கேமரா?"

"அதைத்தான் நான் உன்கிட்ட கேக்கறேன்!"

சர்வர் ரூம் ஓர் அலமாரி அளவுதான் இருந்தது. ஏசி குளிரில் இன்ஸ்பெக்டர் இரண்டு தும்மல் போட்டார். ரேக்கின் நடுவில் அந்தப் பெட்டி. நாலு ட்ரே. நாலு விளக்கு.

ஒன்றும் நாலும் பச்சை.

இரண்டும் மூன்றும் சிவப்பு!

பீப்... பீப்... பீப்...

மூன்று நாளைக்கு முன்னால் அவள் கையால் மாட்டியது. ஸ்கேன் படமும் அதில்தான், கேமரா பதிவும் அதில்தான்.

"மூணு நாள்ல ரெண்டு டிஸ்க் செத்துப் போச்சா? என்னம்மா சரக்கு விக்கற நீ?"

வீட்டுக்காரர் அவள் தோளைத் தொட்டு ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார்.

"சார், இது ரெய்டு பெட்டி..."

"ரெய்டா? அது நாங்கல்ல பண்றது?"

"இது வேற சார். சேதியை நாலு டிஸ்க்லயும் பிரிச்சு வெச்சிருக்கும். ஒரு டிஸ்க் செத்தா, மிச்ச மூணும் சேர்ந்து அதுல இருந்ததைத் திருப்பிச் சொல்லிடும். அஞ்சாம் நம்பர் செட்டிங்னு பேரு. ஆனா ரெண்டு ஒரே நேரத்துல போச்சுன்னா..."

"போச்சுன்னா?"

"சங்குதான் சார். ஒரு படம்கூட வராது."

பெஞ்சிலிருந்து தம்பி தேம்பும் சத்தம் கேட்டது.

டிஸ்க்காரி வாயைத் திறந்தாள்... உடனே மூடிக்கொண்டாள்!

ஏனென்றால் பெட்டியில் இருந்தது அஞ்சாம் நம்பர் இல்லை.

அன்றைக்கு வீட்டுக்காரர் வேலை முடிந்ததும், சென்டரின் பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்புறம் டாக்டர் வந்தார். "அம்மா, ரெண்டு டிஸ்க் போனாலும் தாங்கற மாதிரி செய்ய முடியுமா? என் நோயாளிங்க உசுரு இதுல இருக்கு" என்றார். அவள் எல்லாவற்றையும் அழித்து, ஆறாம் நம்பரில் புதிதாகப் போட்டாள். அதில் இன்னொரு டிஸ்க் அளவு இடம் காவலுக்கே போய்விடும்.

வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. இடம் வீணாகிறது என்றால் அவருக்கு ஆகாது. ஒரு வாரம் திட்டித் தீர்ப்பார்.

இப்போதும் அதே பயம். பன்னிரண்டு வருஷப் பழக்கம் ஒரு நாளில் விடுமா?

"ஏங்க... இதே சைஸ்ல ரெண்டு புது டிஸ்க் வாங்கிட்டு வாங்களேன்."

"செத்ததுக்கு வைத்தியம் பார்க்கப் போறியா?"

"மனசு கேக்கலீங்க."

வீட்டுக்காரர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சரி. உன் திருப்திக்கு." 

பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

*

அடுத்த நொடி டிஸ்க்காரி இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"சார்! பதிவு பத்திரமா இருக்கு!"

"என்னது?!"

சொன்னாள். இன்ஸ்பெக்டர் தும்ம வந்ததை மறந்து கேட்டார்.

"இதை உன் வீட்டுக்காரர் இருக்கறப்பவே சொல்றதுக்கென்ன?"

"திட்டுவாரு சார்."

"அடப்பாவமே! கொலைக் கேசுல இந்த பயமா?"

"கல்யாணம் ஆச்சா சார் உங்களுக்கு?"

இன்ஸ்பெக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"கைரேகை எல்லாம் எடுத்தாச்சு. ஆனா எதைத் தொட்டாலும் சொல்லிட்டுத் தொடு. யோவ், இந்தம்மா பண்றதைப் போன்ல படம் பிடி."

கான்ஸ்டபிள் போனை நீட்டினார். அவள் கையுறை மாட்டிக்கொண்டு இரண்டாவது ட்ரேயை உருவினாள். தன் நோட்டைத் திறந்தாள். மாட்டுகிற ஒவ்வொரு டிஸ்க்கின் நம்பரையும் அதில் எழுதி வைப்பாள்.

டிஸ்க்கின் நம்பரைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள்.

மறுபடி பார்த்தாள்!

"சார்... இது நான் மாட்டின டிஸ்க் இல்ல!"

மூன்றாவதை உருவினாள். அதுவும் இல்லை!

"யாரோ ரெண்டு நல்ல டிஸ்க்கை எடுத்துட்டு, ரெண்டு செத்த டிஸ்க்கைச் சொருகியிருக்காங்க! தானா ரிப்பேர் ஆன மாதிரி தெரியறதுக்கு!"

"அப்படின்னா செத்த டிஸ்க்கைப் பையில போட்டுக்கிட்டே வந்திருக்கான். ஆத்திரத்துல அடிச்சதில்ல. திட்டம் போட்டுச் செஞ்ச கொலை." இன்ஸ்பெக்டரின் குரல் இன்னும் கரகரத்தது. "செத்த டிஸ்க் எங்க கிடைக்கும்?"

அவள் கையிலிருந்த டிஸ்க்கைத் திருப்பினாள்.

ஸ்க்ரூ ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டைக்குள்ளே, குண்டூசி முனை அளவு, ஒரு சிவப்பு.

அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

நெயில் பாலிஷ்!

ஒருமுறை, செத்த டிஸ்க்கை நல்லது என்று நினைத்து ஓர் ஆபீசில் மாட்டி, மானம் கப்பலேறியது. அன்றிலிருந்து கடையில் எந்த டிஸ்க் செத்தாலும் அதன் முதுகில், ஸ்க்ரூ ஓட்டையை ஒட்டி, நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்துத்தான் தகரப் பெட்டியில் போடுவாள். யாரோ பொட்டை ரொம்பப் பொறுமையாகச் சுரண்டியிருந்தார்கள். ஓட்டைக்குள் வழிந்ததை விட்டுவிட்டார்கள்.

"என்னம்மா? சொல்லு!"

"இது... என் கடை டிஸ்க் சார்."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"கடை சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு. அவர்கிட்ட ஒண்ணு."

"அவ்வளவுதானா?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் பெஞ்சிலிருந்து தம்பியே வெகுளியாகச் சொன்னான்.

"என்கிட்டயும் ஒண்ணு இருக்கு சார். பகல்ல அங்கதான் தூங்குவேன்."

இன்ஸ்பெக்டர் புன்னகைத்தார். அவளுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"பெட்டி மாட்டினப்ப கூடமாட நின்னானா உன் தம்பி?"

"நின்னான்..."

"அஞ்சாம் நம்பர், ரெண்டு போனா சங்கு... எல்லாம் அவன் காதுல விழுந்திருக்கும். இல்ல?"

விழுந்திருக்கும். அவள்தான் சொன்னாள். அக்கா எவ்வளவு பெரிய வேலை பார்க்கிறாள் என்று தம்பி வாயைப் பிளந்து கேட்டான்.

தம்பியைக் காப்பாற்ற ஓடி வந்தவள் தன் கையாலேயே முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தாள்!

"பதிவைப் போட்டுப் பார்த்துருவோம் சார்," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

*

முதலில் முன்வாசல் கேமரா.

நேற்று மாலை ஆறு முப்பத்தைந்து. வாட்ச்மேன் நாற்காலியில் தம்பி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போகிறான். நாற்காலி காலி.

ஆறு நாற்பது. காலி.

ஆறு ஐம்பது. காலி.

"எங்கடா போன?"

"வயிறு சரியில்ல சார்... பாத்ரூம்..."

"கொலைகாரனுக்கு வயிறு சரியில்லாமத்தான் போகும்!"

அடுத்து, பின்பக்க நடை.

ஆறு நாற்பத்திரண்டு. டாக்டர் தன் கையாலேயே கதவைத் திறக்கிறார். ஒருவன் உள்ளே வருகிறான். கறுப்பு ஹெல்மெட், மழைக்கோட்டு, தோளில் பை. டாக்டர் ஒரு கடிதத்தை அவன் முகத்துக்கு நேராக ஆட்டி ஏதோ கேட்கிறார். சத்தம் பதிவாகவில்லை.

"அந்தக் கடிதம் டாக்டர் சட்டைப் பையிலதான் இருந்துச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "ஒரு நோயாளி எழுதினது. அவரோட ஸ்கேன் படத்தை எவனோ வெச்சுக்கிட்டு, நோயை வீட்டுல சொல்லிடுவேன்னு மிரட்டறானாம். படம் இங்கேருந்துதான் போயிருக்கணும்."

திரையில் டாக்டர் போனை எடுத்துக்கொண்டு திரும்புகிறார். ஹெல்மெட்காரன் சுவரிலிருந்து சிலிண்டரைக் கழற்றுகிறான்.

டிஸ்க்காரி கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது டாக்டர் தரையில் கிடந்தார். கால் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்தது.

"மூஞ்சி தெரியலையே," என்றார் இன்ஸ்பெக்டர். "உன் தம்பிகிட்ட கறுப்பு ஹெல்மெட் இருக்கா?"

"ஊர்ல பாதிப் பேருகிட்ட இருக்கு சார்!"

"ஊர்ல பாதிப் பேருகிட்ட உன் கடை சாவி இல்லையே?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். சாவி மூன்று. ஒன்று இடுப்பில். ஒன்று தம்பியிடம். அந்த மூன்றாவது சாவியை மட்டும் அவள் மனசு எண்ணவே மறுத்தது. தம்பியா? ஐயோ, இருக்காது! அப்படியென்றால்...

"என்ன இது...?"

வாசலில் வீட்டுக்காரர். கையில் இரண்டு புது டிஸ்க் டப்பாக்கள்.

அவர் பார்வை திரையில் நிலைகுத்தியது.

"இது... இது எப்படி ஓடுது?"

"உன் சம்சாரம் கெட்டிக்காரிய்யா," என்றார் இன்ஸ்பெக்டர். "வா, நீயும் பாரு."

இப்போது சர்வர் ரூம் கேமரா. ஆறு ஐம்பத்தொன்று. ஹெல்மெட்காரன் இரண்டாவது ட்ரேயை உருவுகிறான். பையிலிருந்து செத்ததை எடுத்துச் சொருகுகிறான். விளக்கு சிவக்கிறது. மூன்றாவதையும் உருவுகிறான்.

"அவ்வளவுதானே? ரெண்டு டிஸ்க்கையும் உருவிட்டான். இனி மூஞ்சி எங்க தெரியப் போகுது?" இன்ஸ்பெக்டர் எழுந்தார். "யோவ், அவனை ஜீப்புல ஏத்து."

"அக்கா! அக்கா, காப்பாத்துக்கா!"

கான்ஸ்டபிள் தம்பியின் கையைப் பிடித்துத் தூக்கினார். அக்காவையே பார்த்துக்கொண்டு போனான்.

"ஆமா சார், இதோட முடிஞ்சது," என்றார் வீட்டுக்காரர். டப்பாக்களைக் கீழே வைத்தார். "பெட்டி வேற சூடாயிருக்கு. ஆஃப் பண்ணிடறேன்..."

ரேக்கின் பின்னால் கையை விட்டு பிளக்கைப் பிடித்தார்.

டிஸ்க்காரி திரும்பிப் பார்த்தாள்.

ஓடுகிற பெட்டியில் பிளக்கைப் பிடுங்குகிறவன் கையை வெட்டணும்! பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு வாடிக்கைக்காரரிடமும் இதைச் சொன்ன வாய் அவருடையது. ஒரு நாளும் பிடுங்காத கை.

அந்தக் கை இப்போது பிளக்கை இழுத்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது சாவியை அவள் எண்ணிவிட்டாள்.

"கையை எடுங்க!"

அவள் போட்ட சத்தத்தில் கான்ஸ்டபிள் அப்படியே நின்றார்.

"என்னடி, கத்தற?"

"இன்னும் முடியலீங்க."

"ரெண்டு டிஸ்க் போச்சே! அஞ்சாம் நம்பர்ல..."

"அஞ்சு இல்லீங்க. ஆறு."

வீட்டுக்காரரின் முகத்தில் ஈ ஆடவில்லை.

"டாக்டர் கேட்டாரு, மாத்திக் கொடுத்தேன். ரெண்டு போனாலும் பதிவு நிக்காது. நேத்தும் நிக்கல. பாருங்க."

திரை ஓடிக்கொண்டிருந்தது!

ஆறு ஐம்பத்து மூன்று. இரண்டாவது செத்த டிஸ்க்கும் உள்ளே போய்விட்டது. இரண்டு சிவப்பு விளக்கு. ஹெல்மெட்காரன் நிமிர்ந்து கேமராவைப் பார்க்கிறான். கேமரா குருடாகிவிட்டது என்று நம்பியவன் நிதானமாகச் செய்வதைச் செய்கிறான்.

ஹெல்மெட்டைக் கழற்றுகிறான்!

கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறான். நெற்றியைத் துடைக்கிறான். அந்தக் கைக்குட்டையின் ஓரத்தை மடித்துத் தைத்தது அவள்தான்.

"மாமா...?" என்றான் தம்பி.

இன்ஸ்பெக்டரின் கை வீட்டுக்காரனின் சட்டைக் காலரில் இருந்தது.

"பழைய பெட்டியைத் தூக்கிட்டுப் போனீங்களே," என்றாள் டிஸ்க்காரி மெதுவாக. "அழிச்சுட்டேன்னு சொன்னீங்க. அழிக்கலையா?"

தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"எத்தனை பேரோட நோயை விலை பேசினீங்க?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பழி என் தம்பி மேல விழும்னு தெரியும்ல? அவன் வாசல்ல இருப்பான்னு தெரிஞ்சுதானே வந்தீங்க? இன்னிக்குக் காலையில அந்த ஹெல்மெட்டை என் தலையில மாட்டிவிட்டீங்களே... எப்படிங்க மனசு வந்துச்சு?"

அவள் அழுதாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். தம்பி ஓடி வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான். அவன் சட்டையிலிருந்த காய்ந்த ரத்தம் அவள் சேலையில் உதிர்ந்தது.

ரேக்கில் பெட்டி இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து அலாரத்தை அணைத்தாள். பதிவை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, நம்பரை நோட்டில் எழுதி, இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தாள்.

விலங்கு பூட்டப்பட்டது.

வாசல் வரை போனவன் நின்றான். திரும்பினான். பன்னிரண்டு வருஷமாக இட்லிக்கு உப்பு குறைந்தால்கூடக் கேட்கிற அதே குரலில், குறைப்பட்டுக்கொண்டான்.

"ஆறாம் நம்பருக்கு மாத்தினதை... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

டிஸ்க்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க மட்டும் கொலை பண்ணப் போறதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா போனீங்க?"